மென்று கொடுத்த ரொட்டி

“கூட யாரும்மா வந்திருக்கா?” என்று கேட்டாள் மிஸ்ஸி. எங்கள் பக்கம் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் சொல்வோம்.

“வருவாங்க” என்றேன்.

“யாரு வருவாங்க?”

“பக்கத்து வீட்டுக்காரி.”

“அவங்க நம்பர குடுங்க, நான் கூப்புட்டுப் பாக்கறேன்.”

பக்கத்து வீட்டுக்காரியின் நம்பர் என்னிடம் இல்லை. அவள் பெயரே எனக்குச் சரியாகத் தெரியாது. துணி உலர்த்தும்போது வேலிக்கு மேல் தலையாட்டிக்கொள்வோம், அவ்வளவுதான். சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில், வாய்வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்க்கும் அறைக்கு வெளியே, முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்ட பச்சைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். மயக்க ஊசி போட்டுத்தான் குழாய் விடுவார்களாம். ஊசி போட்டவர்களைத் தனியாக வெளியே அனுப்ப மாட்டார்களாம். கூட்டிப் போக ஓர் ஆள் வந்து நிற்க வேண்டும். அறுபத்தேழு வயதில் திடீரென்று ஓர் ஆளைக் காட்டு என்றால் நான் எங்கே போவேன்?

“ஊசியே வேணாம். முழிச்சிக்கிட்டே இருக்கேன், குழாய உடுங்க” என்றேன்.

“ரொம்ப கஷ்டமா இருக்கும்மா.”

“நான் பாக்காத கஷ்டமா? உடு.”

எனக்குக் கோபம் வந்தால் பேச்சு குறைந்துவிடும். அந்தப் பெண் அதைப் புரிந்துகொண்டாள் போல. தொண்டைக்குள் கசப்பாக எதையோ பீய்ச்சினார்கள். தொண்டை மரத்துப்போனது. குழாய் உள்ளே போனபோது குமட்டிக்குமட்டிக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. மிஸ்ஸி என் கையைப் பிடித்துக்கொண்டு, “முடிஞ்சிச்சும்மா, இதோ முடிஞ்சிச்சும்மா” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். முடியவில்லை, அது வேறு விஷயம். ஆனால் இன்னொருவர் என் கையை அவ்வளவு நேரம் பிடித்திருந்து பல வருஷம் ஆகியிருந்தது. அதைப் பஸ்ஸில் வீட்டுக்கு, பீடோங்குக்குத் திரும்பும்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், மாப்பிள்ளை புறப்பட்டுவிட்டார், வழியில் பஸ் கிடைக்கவில்லை போல என்று சொல்வேன். சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். வயிற்று எரிச்சல் மட்டும் போகாது. முப்பது வருஷமாக இருந்தது. எங்கள் ஜனங்களுக்கு நெஞ்சுக்குக் கீழே எது வலித்தாலும் ஒரே பெயர், கேஸ்ட்ரிக். வெள்ளை மாத்திரையைச் சப்பிவிட்டு வேலையைப் பார்ப்போம். இந்த முறை ரத்தமும் குறைந்திருந்ததால்தான் கிளினிக்கில் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

முடிவு சொல்ல மறுபடி வரச் சொன்ன நாளில் டாக்டர் ஒரு தாளை எடுத்துப் படம் போட்டார். சின்ன வயது மலாய்ப் பெண். என் மலாய் பாசாரில் மீன் விலை கேட்கும் அளவுக்குத்தான். அதனால் அதே மிஸ்ஸி பக்கத்தில் நின்று தமிழில் சொன்னாள்.

வயிற்றின் உட்சுவர் மேல் சளி மாதிரி வழவழப்பான ஒரு படலம் இருக்கிறதாம். வயிற்றுப் புளிப்பு சுவரை அரிக்காமல் தடுப்பது அதுதானாம். சுருண்ட உடம்பும் வாலும் உள்ள ஒரு கிருமி அந்தப் படலத்துக்குள் துளைத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுகிறது. புளிப்பில் செத்துப்போகாமல் இருக்க, தன்னைச் சுற்றிப் புளிப்பை முறிக்கும் ஒரு காரத்தைத் தானே தயாரித்துக்கொள்கிறது. சுவரில் உள்ள அணுக்களுக்கு வேற்று ஆள் வந்தது தெரிந்துவிடும். குரல் கொடுக்கும். ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் ஓடி வரும். முதலில் வருபவை அவசரக்காரர்கள். கையில் இருப்பதையெல்லாம் வீசிவிட்டுச் செத்துப்போகும். பின்னால் வருபவை எதிரியை அடையாளம் பார்த்துவிட்டு இன்னும் பலரைத் தூண்டிவிடும். ஆனால் கிருமி இருப்பது படலத்தில், இவர்கள் குவிவது சுவருக்குள். கைக்கு எட்டாது. அது போதாதென்று, தன் அடையாளத்தைக் கொஞ்சம் மறைக்கவும் வந்தவர்களை மந்தமாக்கவும் அந்தக் கிருமிக்குத் தெரியுமாம். அதனால் சண்டை முடிவதே இல்லை. வீசுவதெல்லாம் சுவரின் மேலேயே விழுகிறது. சுவர் சிவந்து, வீங்கி, புண்ணாகிறது.

“அப்போ என் வயித்த புண்ணாக்குனது கிருமி இல்ல, என் ஒடம்புதானா?” என்று கேட்டேன்.

மிஸ்ஸி அதை மலாயில் சொன்னாள். டாக்டர் சிரித்தார். “ரெண்டும்தான். அது கெளப்பி உடுது, ஒடம்பு நிறுத்தத் தெரியாம அடிக்குது” என்று மிஸ்ஸி திருப்பிச் சொன்னாள்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. முன்பு தோட்டத்தில், நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பின்னால் மரவள்ளி போட்டிருந்தோம். காட்டுப்பன்றி வந்து லாலான் புல்லுக்குள் ஒளிந்துகொள்ளும். பத்து ஆண்கள் கம்பும் பந்தமுமாக விரட்ட வருவார்கள். பன்றி கிடைக்காது. விடிந்து பார்த்தால் பன்றி தின்றதைவிட இவர்கள் மிதித்த மரவள்ளிதான் அதிகமாக இருக்கும். என் வயிற்றில் அது அறுபது வருஷமாக நடந்திருக்கிறது.

அறுபது வருஷம் என்று சொன்னது டாக்டர்தான். இது பெரும்பாலும் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே, வீட்டில், வாய்வழியாக ஒட்டிக்கொள்வது என்றார். இப்படித்தான் வந்தது என்று யாராலும் உறுதியாகக் காட்ட முடியாது. ஆனால் ஊட்டியவர்களிடமிருந்து வந்திருக்கலாம். நிறையப் பேருக்கு இருந்தும் ஒன்றும் செய்யாது. சிலருக்குப் புண் வரும். வெகு சிலருக்கு, பல வருஷம் கழித்து, அதைவிட மோசமாகவும் போகலாம். எனக்கு அப்படி எதுவும் இல்லை, மருந்து சாப்பிட்டால் போய்விடும் என்றார்.

“புள்ளைங்க இருக்காங்களா? வயித்துப் பிரச்சினை இருந்தா அவங்களும் பாத்துக்கறது நல்லது” என்றாள் மிஸ்ஸி.

“இல்ல” என்றேன். அந்தப் பதில் என் வாயில் எப்போதும் தயாராக இருக்கும்.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஓர் இளம் தாய் உட்கார்ந்திருந்தாள். மடியில் பல் முளைக்காத பிள்ளை. அழுதது. அவள் பையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து உடைத்து அதன் கையில் கொடுத்தாள். ரொட்டி என்றால் நாங்கள் பிஸ்கட்டைத்தான் சொல்வோம். பிள்ளை அதை வாயில் வைத்து, தின்னத் தெரியாமல் துப்பியது. ‘ஐயோ, மென்னு குடேன்’ என்று மனசுக்குள் சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. இரண்டு கையும் குளிர்ந்துபோயின. பீடோங் வந்தும் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். டிரைவர் திரும்பிப் பார்த்து, “ஆயா, வந்துருச்சி” என்றார்.

ஆமாம், ஆயா. அதுதான் என் வேலை. பீடோங்குக்கும் செமிலிங்குக்கும் நடுவில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தேன். பெண்கள் இருட்டோடு பால்மரம் வெட்டிப் பால் எடுக்கப் போகும் முன் பிள்ளைகளைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார்கள். பெரட்டுக்கு, அதுதான் வேலைக்கு ஆள் கணக்கெடுக்க, பேர் கூப்பிடும் சத்தம் கேட்டுவிட்டால் பிள்ளையை என் கையில் எறியாத குறைதான். முப்பது, முப்பத்தைந்து பிள்ளைகள் இருக்கும். கூரை விட்டத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில். மூன்று தொட்டில் கயிறுகளை ஒன்றாக முடிந்து காலால் ஆட்டிக்கொண்டே கையால் இன்னொன்றுக்குப் பால் கொடுப்பேன். தோட்டம் பால்மாவு கொடுத்தது, தகர டின்னில் சதுர ரொட்டி கொடுத்தது. அந்த ரொட்டியால் ஆணி அடிக்கலாம். இப்போது கொட்டகை இருந்த இடத்தில் எண்ணெய்ப்பனை நிற்கிறது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. மழை பெய்தால் பதினேழு இடத்தில் ஒழுகும் கொட்டகை அது.

அந்தப் பிள்ளைகளில் ஒருவன், வந்தபோது ஐந்து மாதம்தான். அவன் அம்மாவுக்கு நெஞ்சுச் சளியில் ரத்தம் வந்து அலோர் ஸ்டார் பக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பிள்ளையை அவள் கிட்டே கொண்டுபோகவே கூடாது என்றார்கள். அப்பா பால்மரம் வெட்டப் போக வேண்டும். பகலில் கொட்டகையில் என்னிடம் இருந்தான். மாலையில் எல்லோரும் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் அவன் மட்டும் இருந்தான். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு என் லயத்து வீட்டுக்குப் போவேன். எட்டு மாதம் அப்படி இருந்தான்.

பால் குடிப்பான். வேறு எதுவும் இறங்காது. ரொட்டியைத் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுத்தால் துப்புவான், கஞ்சியைத் துப்புவான். விலா எலும்பை எண்ணலாம். ஒருநாள் பொறுக்காமல் ரொட்டியைக் கடித்து, நன்றாக மென்று, வாய்ச்சூட்டோடு இரண்டு விரலால் எடுத்து அவன் ஈறுக்குப் பின்னால் வைத்தேன். நாக்கை ஒருமுறை புரட்டினான். விழுங்கினான். மறுபடி வாயைத் திறந்தான். என் அம்மா எனக்கும் என் தம்பிகளுக்கும் அப்படித்தான் கொடுத்தாள். நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. எலும்பு மறைந்தது. கன்னம் வந்தது. பிறகு கொட்டகையில் சாப்பிட அடம்பிடித்த இன்னும் நாலைந்து பிள்ளைகளுக்கும் அப்படிச் செய்தேன். அவன் பள்ளிக்கூடம் போகும் வரை பகலில் கொட்டகையிலேயே இருந்தவன். என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்று, நான் மற்ற பிள்ளைகளுக்கு மென்று கொடுப்பதை வாயைப் பிளந்து பார்ப்பான்.

தோட்டத்து டிரஸ்ஸர் ஒருநாள் பார்த்துவிட்டார். காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பவர், வாரம் ஒருமுறை கொட்டகையைச் சோதிக்க வருவார். “ஆயா, வாயில வெச்சத புள்ளைக்குக் குடுக்காதீங்க” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “ஒங்க அம்மா ஒங்கள முள்ளுக் கரண்டியாலயா வளத்தாங்க?” என்று கேட்டேன். ரொட்டி டின் பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் சுருங்கிப்போய் நோட்டில் எதையோ எழுதிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் அம்மா குணமாகித் திரும்பி வந்தாள். பிள்ளையைத் தூக்கினாள். அவன் அலறிக்கொண்டு என் பக்கம் இரண்டு கையையும் நீட்டினான். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் இடத்தில் யார் இருந்தாலும் அவள் அப்படித்தான் பார்த்திருப்பாள். கொட்டகையை விட்டுப் பள்ளிக்கூடம் போன பிறகு, அவள் உயிரோடு இருந்தவரை அவன் என்னைப் பார்க்க வந்ததில்லை. வழியில் கண்டால் சிரிப்பான், அதோடு சரி. ஆறு வருஷத்துக்கு முன் அவள் போய்ச் சேர்ந்தாள். கருமாதி முடிந்த மாதம் என் வீட்டு வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. “ஆயாம்மா” என்று கூப்பிட்டான். மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் நான் ஆயா. அவனுக்கு மட்டும் ஆயாம்மா.

பாடாங் செராயில் வீடு, மனைவி, மூன்று பிள்ளைகள். கடைசிப் பெண் பிறந்து சில மாதம்தான். பட்டர்வொர்த் வரை லாரி ஓட்டுகிறான். வருஷத்தில் மூன்று முறை வருவான், பொங்கலுக்கு, என் பிறந்தநாள் என்று அவனே முடிவு செய்த ஒரு நாளில், தீபாவளிக்கு. அந்த மூன்று நாளை வைத்துத்தான் நான் மற்ற நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் கேட்டால் அதுவும் போய்விடுமோ என்று ஆஸ்பத்திரிக்குக்கூட அவனைக் கூப்பிடவில்லை. அவன் வந்தால் சாப்பிட உட்காரும் முன் சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளை மாத்திரையை எடுத்துச் சப்புவான். “என்னாடா?” என்றால், “கேஸ்ட்ரிக்லா, ஆயாம்மா” என்பான். என் டப்பாவிலிருந்து நானே அவனுக்கு இரண்டு பட்டை மாத்திரை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது புரிகிறதா, பஸ்ஸில் என் கை ஏன் குளிர்ந்தது என்று? அவனிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால் அவன் வராமல் போகலாம். அவனை விட்டால் எனக்கு வேறு யார்?

மருந்து இரண்டு வாரம். காலையில் ஒரு பிடி, மாலையில் ஒரு பிடி. வாயெல்லாம் இரும்பை நக்கியது போலக் கசந்தது. காப்பி கசந்தது, சோறு கசந்தது. மூன்று நாளில் விட்டுவிடலாம் என்று தோன்றியது. ஒருவேளைகூடத் தவறவிடக் கூடாது, பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று மிஸ்ஸி மிரட்டி அனுப்பியிருந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை. அதனால் காலண்டரில் நானே கோடு போட்டு, நானே என்னைத் திட்டிக்கொண்டேன். டெலிபோன் மேஜை மேல் கிடந்தது. அவன் நம்பரை எடுப்பேன், பார்ப்பேன், கவிழ்த்து வைப்பேன்.

அதற்குப் பதிலாக ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன். பீடோங் பாசாரில் அந்த நாலைந்து பிள்ளைகளில் இரண்டு பேரைப் பார்ப்பது உண்டு. இப்போது தலை நரைக்கத் தொடங்கிய ஆட்கள். ஒருத்தி காய்கறி வாங்கிக்கொண்டிருந்தாள். கிட்டே போய், “ஒனக்கு வயிறு எப்படி இருக்கு?” என்று கேட்டேன். அவள் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டு, “குண்டாயிட்டேன்னு சொல்றீங்களா ஆயா?” என்று கோபித்துக்கொண்டாள். இன்னொருவன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, “எனக்குக் கல்லத் தின்னாலும் செரிக்கும்” என்று சிரித்தான். இரண்டு பேரிடமும், நெஞ்செரிச்சல் வந்தால் கிளினிக்குக்குப் போய்க் கிருமி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். தலையாட்டினார்கள். மற்றவர்கள் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்களாம். அவர்களை நான் எங்கே போய்த் தேட? இவர்களிடமெல்லாம் சொல்ல எனக்குத் தைரியம் இருந்தது. இவர்கள் என்னைப் பார்க்க வருகிறவர்கள் இல்லை.

மருந்து முடிந்து ஒரு வாரம் இருக்கும். அவனே கூப்பிட்டான். இரண்டு நாளாகச் சாப்பிட்டது தங்கவில்லை, லாரி எடுக்கவில்லை என்றான். குரலில் உயிர் இல்லை. மறுநாள் காலை பஸ் ஏறி, மாறி, பாடாங் செராய் போய்ச் சேர்ந்தேன். மனைவி பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் விட்டுவிட்டு, கைப்பிள்ளையோடு கடைக்குப் போயிருந்தாள். அவன் கூடத்தில் வெறும் தரையில் குப்புறப் படுத்திருந்தான். எழுந்து உட்கார்ந்தான்.

“ஒனக்கு ஒன்னு சொல்லணும்” என்றேன். சொன்னேன். குழாய் விட்டது, கிருமி, புண், டாக்டர் சொன்னது, அந்த எட்டு மாதம், மென்று கொடுத்த ரொட்டி, டிரஸ்ஸர் தடுத்தது, நான் கேட்காதது எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

“வாயில மென்னா?” என்றான்.

“ஆமா.”

“எத்தன நாளு?”

“எட்டு மாசம். அப்புறமும் கொஞ்ச நாளு.”

பிறகு, நான் நினைத்தே பார்க்காத ஒன்றைக் கேட்டான். “அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“நல்லதுதான்” என்றான்.

எதற்கு நல்லது என்று நான் கேட்கவில்லை. கிளினிக்கில் மூச்சை ஊதிப் பார்க்கும் சோதனை இருக்கிறது என்று சொன்னேன். அதற்கு முன் கேஸ்ட்ரிக் மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் இருப்பது தெரியாமல் போகும் என்பதையும் சொன்னேன். சரி என்றான். எப்போதும் பீடோங் வரை கொண்டுவந்து விடுகிறவன், அன்றைக்கு பஸ் நிற்கும் இடம் வரைதான் வந்தான். “பாத்துப் போங்க” என்றான். ‘ஆயாம்மா’ என்று சேர்க்கவில்லை. பஸ் நகர்ந்த பிறகு எண்ணிப் பார்த்தேன், அன்று முழுவதும் அவன் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு நாலு வாரம் டெலிபோன் அடிக்கவில்லை. அடித்ததெல்லாம் கடன் வேண்டுமா என்று கேட்பவர்கள்தான். இடையில் என் சோதனை நாள் வந்தது. ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு ஒரு பைக்குள் ஊதச் சொன்னார்கள். சுத்தம் என்றாள் மிஸ்ஸி. “போயிருச்சும்மா, ஒன்னும் இல்ல” என்று தோளைத் தட்டினாள். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். அறுபது வருஷம் கூடவே இருந்த அதுவும் போய்விட்டது. நன்றாகச் சிரித்தேன். அதற்குப் பிறகு, சிரித்த சத்தம் அந்த வீட்டில் எப்படிக் கேட்டது என்பதை நினைத்து எனக்கே பயமாக இருந்தது. ரேடியோவைப் போட்டேன்.

நாலாவது வாரக் கடைசியில் கூப்பிட்டான்.

“ஆயாம்மா, ஊதிட்டேன். நெகட்டிவ். எனக்கு ஒன்னும் இல்லலா.”

“சரியாப் பாத்தாங்களா? மாத்திரைய நிறுத்தினியா?”

“ரெண்டு வாரம் செத்துப் பொழச்சேன். வலியில யார்கிட்டயும் பேசவே புடிக்கல. டாக்டர் சொல்றாரு, முதுகு வலிக்கு நான் வெறும் வயித்துல முழுங்குற மாத்திரதான் காரணமாம். அத நிறுத்தச் சொல்லிட்டாரு. சின்னதுல வந்திருந்தாலும் சில பேருக்குத் தானா போயிருமாம். வராமலும் இருந்திருக்கலாமாம். நீங்க ஒன்னும் மனசுல வெச்சுக்காதீங்க.”

“சாமி புண்ணியம்” என்றேன். உண்மையாகவே சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவன் வயிற்றைக் கெடுத்தவள் நான் இல்லை. அந்தப் பாரம் இறங்கியது.

இறங்கிய இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதிவிடுகிறேன். அவனுக்கு அந்தக் கிருமி இருக்கக் கூடாது என்று எத்தனை தரம் சாமியை வேண்டினேனோ, அத்தனை தரம் ஒரு மூலையில், இருந்தால் அது என்னுடையதுதானே என்றும் நினைத்திருக்கிறேன். என் அம்மா எனக்குக் கொடுத்தது, நான் அவனுக்குக் கொடுத்தது. மூக்கையோ நிறத்தையோ கொடுக்க எனக்கு வழியில்லை. நோயாவது போயிருக்கும் என்று எண்ணியிருக்கிறேன். இப்போது அதுவும் இல்லை. எட்டு மாதம் என் வாயிலிருந்து தின்றவனிடம் என்னுடையது என்று ஒரு பொட்டுகூட இல்லை. அன்றைக்குச் சோறு வடிக்காமல் படுத்துவிட்டேன்.

தீபாவளிக்கு வந்தான். குடும்பத்தோடு வந்தான். பெரியவை இரண்டும் வாசலில் மத்தாப்புக்குச் சண்டை போட்டன. கைப்பிள்ளைக்கு ஆறு மாதம் தாண்டியிருந்தது. பார்த்தாலே அள்ளிக்கொள்ளத் தோன்றும், ஆனால் ஒல்லி. “ஒன்னும் முழுங்க மாட்டேங்குறா ஆயாம்மா, எல்லாத்தையும் துப்புறா” என்று அவன் மனைவி சொன்னாள். நான் பலகாரத் தட்டையும் ரொட்டியையும் வைத்துவிட்டுக் காப்பி கலக்க எழுந்தேன். அடுப்படிக்குப் போகும் முன் ஏதோ ஒன்று என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

பிள்ளை அவன் மடியில் இருந்தது. அவன் தட்டிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்தான். பாதியாக உடைத்து வாயில் போட்டான். மனைவியோடு பேசிக்கொண்டே மென்றான். இரண்டு விரலை வாய்க்குள் விட்டு மென்றதை எடுத்து, பிள்ளையின் ஈறுக்குப் பின்னால், இடது பக்கமாக வைத்தான். யாரும் சொல்லிக் கொடுத்து வருகிற கைப்பழக்கம் இல்லை அது. பிள்ளை நாக்கைப் புரட்டியது. விழுங்கியது. மறுபடி வாயைத் திறந்தது.

“எத்தன தடவ சொல்லியிருக்கேன், அசிங்கமா அப்படிக் குடுக்காதீங்கன்னு” என்றாள் மனைவி.

“கைக்கு அப்படித்தான் வருது. நான் என்னா செய்ய?” என்றான் அவன்.

நான் காப்பிப் பாத்திரத்தோடு நின்றேன். இடது பக்கமாக வைப்பேன் நான். வலது பக்கம் வைத்தால் அவன் துப்புவான், அதனால். என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தவன், அதை மறந்தும் மறக்காமல் இத்தனை வருஷம் கையில் வைத்திருந்திருக்கிறான். அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்துக்கு, நான் வாழ்ந்த அத்தனை வருஷத்தையும் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவன் சுத்தம். ஊதிப் பார்த்தாயிற்று. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. இரண்டாவது துண்டை வாயில் போட்டான்.

ஆனால் வாய்க்கு வாய் போவது அந்த ஒரு கிருமி மட்டும் இல்லை என்று மிஸ்ஸி சொல்லியிருக்கிறாள். இன்று இல்லாதது நாளை அவனுக்கு வரலாம். அந்தப் பிள்ளை அறுபத்தேழு வயதில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் பச்சைச் சட்டையோடு உட்கார்ந்திருப்பதை நான் பார்த்தேன்.

“டேய்” என்றேன். குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. “வாயில வெச்சத புள்ளைக்குக் குடுக்காத. துப்பு.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். என் முகத்தில் என்ன கண்டானோ, கையில் துப்பிக்கொண்டான். “அப்படிச் சொல்லுங்க ஆயாம்மா, நான் சொன்னா கேக்கறதே இல்ல” என்றாள் மனைவி. பிள்ளை இன்னும் வாயைத் திறந்துகொண்டு அவன் விரலையே பார்த்தது.

“இரு, ரொட்டிய நசுக்கிச் சுடுதண்ணியில கொழச்சித் தர்றேன். கரண்டியில குடு” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனேன். கரண்டி கண்ணெதிரில்தான் தொங்கியது. அதை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.